நல்ல தண்ணி என்று எழுதிய கேன்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். மூக்கு நுனியிலேயே அது குடியிருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை, அந்த ஒரு சனிக்கிழமை வரைக்கும்.

மந்தைவெளியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் திசுப் பரிசோதனைக் கூடம். நான் அங்கே டெக்னீஷியன். ஆஸ்பத்திரிகளில் அறுத்தோ ஊசியால் உறிஞ்சியோ எடுத்த சதைத் துண்டுகள் எங்களிடம் வரும். நான் அதை மெழுகில் புதைத்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றி டாக்டர் மேஜையில் வைப்பேன். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று எழுதுவார். சாயம் சரியில்லை என்றால் எவ்வளவு பெரிய டாக்டருக்கும் கண் தெரியாது. இதை நான் தலைக்கனத்தோடு பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

செல் என்றால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. நிஜத்தில் அது நம் வீட்டுப் பரண் மாதிரி. எதெதையோ சேர்த்து வைத்திருக்கும். குடிகாரர் ஈரல் செல்லில் கொழுப்புச் சொட்டுகள் நிறைந்திருக்கும். மச்சத்தில் கறுப்பு நிறமி இருக்கும். மஞ்சள்காமாலைக்காரர் ஈரலில் பித்தம் பச்சையும் பழுப்புமாகத் தேங்கி நிற்கும். ரத்தத்தில் இருந்த இரும்பு தேவைக்கு மேல் போனால் அதுவும் பழுப்பு மணிகளாகப் படியும். சிக்கல் என்னவென்றால், வழக்கமான சாயத்தில் பார்த்தால் பாதிக்கு மேல் எல்லாமே பழுப்பு. எந்தப் பழுப்பு ஆளைக் கொல்லும், எந்தப் பழுப்பு சும்மா கிடக்கும் என்று கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத் தனிச் சாயம் போட வேண்டும். இரும்புக்கான சாயம் இரும்பைத் தொட்டால் நீலமாகும். இரும்பு இல்லையென்றால் பழுப்பு பழுப்பாகவே நிற்கும். அவ்வளவு எளிமையான சங்கதி.

அந்தச் சாயத்துக்கு வடித்த தண்ணீர்தான் வேண்டும். சுத்தமாகக் காய்ச்சி வடித்தது, வாரம் ஒரு தடவை ஒருவர் கொண்டுவந்து இறக்குவார். எங்கள் கூடத்துக் குழாயில் வருவது நிலத்தடியிலிருந்து ஏற்றும் போர் தண்ணீர். வெள்ளைத் தொட்டியைப் பழுப்பாக்கிவிடும், துணியில் பட்டால் போகாது. இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பதற்காக வடித்த தண்ணீர்க் கேனின் மேல் நானே தடிமனான மார்க்கர் பேனாவால் எழுதி வைத்தேன். எங்கள் கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் ஆயாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அதனால் தமிழில் எழுதினேன்: நல்ல தண்ணி.

ஒரு நாள் காலையில் அந்தக் கேன் காலியாக இருந்தது. தண்ணீர் கொண்டுவருபவர் வரவில்லை. அது ஆயாவின் தப்பே இல்லை. ஆனால் என் கண்ணில் பட்டவர் அவர்தான். "நல்ல தண்ணி கேன் காலியாக் கிடக்கு, பாத்துட்டு சும்மா போறீங்களே, கண்ணு எங்க இருக்கு?" என்று கத்தினேன். ஆயா கேனை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தக் கேன் ஒரு நாளும் காலியாகவில்லை. நான் போட்ட சத்தத்தில் தண்ணீர்க்காரர் ஒழுங்காகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குச் சில வாரம் கழித்து வந்ததுதான் அந்த ஈரல் துண்டு. அடையாறு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். தம்பிக்கு ஈரலில் ஒரு பாகம் கொடுக்க முன்வந்த அக்காவின் துண்டு. ஸ்கேனில் கொஞ்சம் கொழுப்பு தெரிந்ததால் ஊசி போட்டு எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சேமியா இழையில் ஒரு விரற்கடை நீளம், அவ்வளவுதான். டாக்டர் பார்த்தார். கொழுப்பு பயப்படும் அளவில் இல்லை. ஆனால் செல்களில் பழுப்பு மணிகள் இருந்தன. "எதுக்கும் இரும்புக்கு ஒரு ஸ்டெயின் போட்டுடுங்கோ" என்றார்.

போட்டேன். அந்தச் சாயம் போடும்போது கூடவே இரண்டு தகடுகளை ஏற்ற வேண்டும். இரும்பு இருக்கிறது என்று தெரிந்த ஒன்று, இல்லை என்று தெரிந்த ஒன்று. முதலாவது நீலமாக வேண்டும், இரண்டாவது நீலமாகக் கூடாது. அன்றைக்கு மேஜை நிறைய வேலை. முதலாவதை ஏற்றினேன், இரண்டாவதை விட்டுவிட்டேன். இத்தனை வருஷ அனுபவத்தில் என் கைக்கு எதற்கு ஒத்திகை என்ற திமிர். வேறு ஒன்றும் காரணம் இல்லை.

நீலம் வந்தது. டாக்டர் எழுதிவிட்டார், ஈரலில் இரும்புப் படிவு இருக்கிறது என்று. ரிப்போர்ட் திங்கட்கிழமை போனது.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்த அம்மா வந்தார். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். பட்டினப்பாக்கத்தில் மீன் கடை. வியாபாரத்தைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தார், புடவை முந்தானையில் செதில் ஒட்டியிருந்தது. கவுன்ட்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, என் ஈரல்ல துரு புடிச்சிகீதுன்னு எழுதனது நீதானா?"

"நான் எழுதல. டாக்டர்தான் எழுதுவாங்க. நான் சாயம் போடறவ."

"அப்ப நீதான் சாயம் பூசனவ."

எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறப்பதற்குள் அவரே கொட்டித் தீர்த்தார். தம்பிக்கு முப்பத்துநாலு வயது. குடிக்காதவன், பீடிகூடப் பிடிக்காதவன். காமாலை கிருமி ஈரலைத் தின்றுவிட்டது. வீட்டில் ஒத்துப்போகிற ரத்தம் இவருக்கு மட்டும்தான். ஆபரேஷனுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் ரிப்போர்ட் போயிருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் இரும்பு சரியாகத்தான் இருந்ததாம். ஆனால் ஈரலிலேயே நீலம் தெரிகிறது என்று எழுதி வந்த பிறகு எந்த டாக்டர் துணிந்து கத்தி வைப்பார்? மூன்று மாதம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். தம்பிக்கு மூன்று மாதம் இல்லை.

"அத்தகூட தாங்கிக்குவேன்மா. என் தம்பி என் மூஞ்சப் பாக்க மாட்றான். செவுத்தப் பாத்துகினு படுத்துகினு கீறான். 'பயமா கீதுன்னு சொல்லிட்டுப் போக்கா, அதுக்கு இன்னாத்துக்கு ஈரல்ல துருன்னு கதை வுடற'ன்றான். மனுசனுக்குத் துரு புடிக்குமா, நீயே சொல்லு. எவன் நம்புவான்? நா பயந்துகினு ஓடிட்டேன்னு நெனச்சிகினே அவன் போயிட்டான்னா, நா இன்னாம்மா பண்ணுவேன்?"

வேறொரு ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும், அந்தக் கண்ணாடியைக் கொடு என்றார். அது நோயாளியின் உரிமை, கொடுத்தாக வேண்டும். கையெழுத்து வாங்கப் படிவத்தை எடுத்தேன். "கை கழுவிக்கறேன், மீன் கை" என்றார். உள்ளே தொட்டியைக் காட்டினேன்.

கழுவிக்கொண்டே சொன்னார்: "இன்னாம்மா, உன் தொட்டியிலகூடத்தான் துரு புடிச்சிகீது. இதுக்கும் ரிப்போர்ட்டு எழுதினியா?"

"அது போர் தண்ணிக் கறை" என்றேன் வெடுக்கென்று. "சாயத்துக்கு நாங்க அதைத் தொட மாட்டோம். அதுக்குத் தனியா வெச்சிருக்கோம், அங்க பாருங்க."

அவர் கேனைப் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படித்தார். "நல்ல... தண்ணி." பிறகு உதட்டைப் பிதுக்கினார். "எங்க தெருவுக்கும்தான் நல்ல தண்ணி லாரில வருது. அதுலயும் துரு கீது. துணி கட்டித்தான் கொடத்துல புடிக்கறோம்."

இந்த ஊரில் நல்ல தண்ணி என்றால் என்ன அர்த்தம்? உப்புக் கரிக்காத தண்ணி. குடிக்கிற தண்ணி. குடிநீர் வாரியம் விடும் மெட்ரோ தண்ணி. நானும் என் வீட்டில் அப்படித்தான் சொல்வேன். "நல்ல தண்ணி வருது, மோட்டார் போடுங்க" என்று தினமும் காலையில் கத்துகிறவள் நான். கூடத்துக்குள் நுழைந்தால் மட்டும் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் என்று நானாக முடிவு செய்துகொண்டிருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

கேனைச் சாய்த்து அடியிலிருந்த தண்ணீரை ஒரு சோதனைக் குழாயில் பிடித்தேன். அடியில் மெல்லிசாக வண்டல். இரும்புக்கான சாயக் கரைசலை அதில் விட்டேன். ஈரலும் இல்லை, செல்லும் இல்லை, வெறும் தண்ணீர்தான். கொஞ்ச நேரத்தில் நீலம் பூத்தது.

"இன்னாம்மா அது, நீலமாவுது?" என்றார் அவர் பின்னாலிருந்து.

ஆயாவைக் கூப்பிட்டேன். கேனைக் காட்டி, இதில் தண்ணீர் ரொப்புவது யார் என்று கேட்டேன். குரலை அடக்கித்தான் கேட்டேன், இருந்தாலும் ஆயா பயந்துவிட்டார்.

"நாந்தான் மேடம். நல்ல தண்ணி காலியாக் கெடக்குன்னு அன்னிக்கு அந்தக் கத்து கத்துனீங்களே. அன்னிலேர்ந்து பாதியா இருந்தாலே கீழ சம்புலேர்ந்து நல்ல தண்ணி மொண்டு வந்து ரொப்பிட்றேன். ரெண்டு மாடி தூக்கினு வரேன் மேடம். கொறையா இருக்கா?"

கீழே சம்பு என்கிற தரைத்தொட்டிக்குத் துருப்பிடித்த இரும்பு மூடி. மெட்ரோ தண்ணீர் வரும் குழாய் கட்டடம் கட்டிய நாளில் போட்டது. முட்டி வலியோடு அந்தப் பெண்மணி தினமும் அதை மேலே சுமந்து வந்திருக்கிறார், என் வாய்க்குப் பயந்து. அவமானத்தில் என் காது சூடாகிவிட்டது. "உங்க மேல தப்பு இல்லைங்க" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

டாக்டர் மதியம் ஒரு மணிக்குத்தான் வருவார். அந்த அம்மாவிடம் தகடுகளைக் கொடுக்கவில்லை. "கொஞ்சம் இருங்க, ஒரு சந்தேகம்" என்றேன். "நா போவ மாட்டேன், நீயே போன்னாலும் போவ மாட்டேன்" என்று சொல்லி வெளி பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் மயிலாப்பூர்க்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், பொறுமைசாலி. சோதனைக் குழாயை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"ரிப்போர்ட் போயாச்சே. இப்போ போய் எங்க தண்ணியில இரும்புன்னு சொன்னா, நாளைக்கு யார் நம்மள நம்பி அனுப்புவா? இன்னொரு பயாப்ஸி எடுத்துக்கட்டும்னு நாசூக்கா எழுதிடலாமோ?"

"நம்ம கேன் அழுக்குக்கு அவங்க வயித்துல இன்னொரு தடவ குத்தணுமா டாக்டர்? அதுக்கு ஒரு வாரம் ஆகும். அந்தப் பையனுக்கு அந்த ஒரு வாரம் இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா? மெழுகுக் கட்டையில மிச்சம் இருக்கு, நான் சீவறேன்."

"மிச்சம் எங்க இருக்கு? ஏற்கெனவே அத்தனை சீவியாச்சு. தீந்துபோச்சுன்னா காட்டறதுக்குக்கூட ஒண்ணும் இருக்காது."

"முதல்ல பழைய தகட்ட இன்னொரு தடவ பாருங்க."

பார்த்தார். ஃபோகஸ் திருகை முன்னும் பின்னும் உருட்டினார். செல் தெளிவாகத் தெரிந்தபோது நீலம் மங்கியது. நீலம் தெளிவானபோது செல் மங்கியது. அப்படியென்றால் நீலம் செல்லுக்குள்ளே இல்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது. சதையே இல்லாத வெறும் கண்ணாடியிலும் அங்கங்கே நீலத் துகள்.

"ஈஸ்வரா" என்றார் டாக்டர். "மேல மிதந்துண்டு இருக்கு. பழுப்பைப் பாத்த கண்ணு, நீலம் வந்ததும் சரியாப் போச்சுன்னு எழுதிடுத்து. நானும்தான் அவசரப்பட்டிருக்கேன்." தகட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு, "சீவுங்கோ" என்றார்.

கீழே மருந்துக்கடையில் ஊசிக்குக் கலக்கும் சுத்தத் தண்ணீர் பாட்டில் இருந்ததையெல்லாம் வாங்கி வந்தேன். கண்ணாடி ஜாடிகளை அமிலத்தில் கழுவி அந்தத் தண்ணீரிலேயே அலசினேன். இரும்பு இடுக்கியை ஒதுக்கிவிட்டு பிளாஸ்டிக் இடுக்கியை எடுத்தேன். மெழுகுக் கட்டையை ஐஸில் வைத்துக் குளிரவிட்டேன். உற்றுப் பார்த்தால்தான் தெரியும், அதில் நகக்கீறல் அளவுக்கு ஈரல் மிச்சமிருந்தது.

சீவும் இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்தேன். முதல் சீவல் சுருண்டுகொண்டது. இரண்டாவது கிழிந்தது. கத்தியை மாற்றினேன். "ஒழுங்கா வாடி" என்று மெழுகிடம் வாய்விட்டே சொன்னேன். மூன்றாவது முழுசாக வந்தது, நான்காவதும் வந்தது. ஐந்தாவதில் வெறும் மெழுகுதான். தீர்ந்துவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் மிதந்த அந்த இரண்டு சீவல்களையும் தகட்டில் ஏந்தி எடுக்கும் வரை மூச்சுவிடவில்லை.

இந்த முறை எதையும் விடவில்லை. இரும்பு உள்ள தகடு, இரும்பு இல்லாத தகடு, நடுவில் அந்த அம்மாவின் தகடு. மூன்றையும் ஒன்றாகவே சாயத்தில் இறக்கினேன். இருபது நிமிடம் அந்த ஜாடி முன்னாலேயே நின்றேன். ஆயா டீ கொண்டுவந்தார். வெளியே பெஞ்சில் இருந்தவருக்கும் ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இரும்பு உள்ள தகடு நீலமாகியிருந்தது. இல்லாத தகட்டில் ஒன்றும் இல்லை. டாக்டர் நடுத் தகட்டை வைத்து வெகுநேரம் பார்த்தார். ஒரு மூலை விடாமல் பார்த்தார். பிறகு எழுந்து எனக்கு இடம் விட்டார். எல்லாம் வெளிர்சிவப்பு. நீலம் ஒரு புள்ளிகூட இல்லை. பழுப்பு மணிகள் பழுப்பாகவே, அமைதியாக, செல்லுக்குள்ளேயே இருந்தன.

அது லிப்போஃபுசின். செல்லுக்குள் தேய்ந்துபோன சாமான்களை அரைத்துக் கரைக்கிற குட்டிப் பைகள் உண்டு. கரைக்க முடியாத சக்கை பழுப்பாக அதிலேயே தங்கிவிடும். நாற்பது வயது தாண்டிய யாருக்கும் கொஞ்சம் இருக்கும். என் ஈரலைச் சீவிப் பார்த்தாலும் இருக்கும். அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

டாக்டர் புதிய ரிப்போர்ட்டை அடித்தார். கடைசி வரிக்கு வந்ததும் என்னைப் பார்த்தார். நீலமான சோதனைக் குழாயை அவர் பக்கம் நகர்த்தினேன். அவரே அடித்தார்: முந்தைய முடிவு எங்கள் கூடத்தில் பயன்படுத்திய தண்ணீரில் இருந்த இரும்பால் ஏற்பட்ட தவறு. அடித்துவிட்டு, "போறவா போகட்டும்" என்றார். ஆயா கேன் ரொப்பத் தொடங்கிய நாளிலிருந்து பதிவேட்டைப் புரட்டினோம். அந்தச் சாயம் ஏறியது இன்னும் ஒரே ஒருவருக்குத்தான். அதையும் அன்றே மறுபடி செய்தோம், அதில் முடிவு மாறவில்லை.

வெளியே வந்து அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உங்க ஈரல்ல இரும்பு இல்ல. துருவும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க தண்ணியிலதான் இருந்தது. தப்பு என்னுது. டாக்டரோடது இல்ல, ஆயாவோடது இல்ல, என்னுது."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இங்கிலீஷ். மடித்து என் கையிலேயே திணித்தார்.

"இத்த எங்கைல குடுத்து இன்னா பண்றது? அவன்ட்ட காட்டுனா இதயும் கதைன்னுதான் சொல்லுவான். நீ வா. நீயே வந்து சொல்லு."

"லெட்டர் போதும், நீங்க போகணும்னு இல்லையே" என்றார் டாக்டர் வாசலில் நின்றபடி. நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

ஆட்டோ அடையாறு பாலம் தாண்டியது. இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இழுத்தடிக்க எனக்குப் பிடிக்காது. அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர்கள் எங்கள் தகடுகளைத் தாங்களும் ஒருமுறை பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. அக்காவும் தம்பியும் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் நான் மறக்காதது ஆபரேஷனை அல்ல, அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்தை.

வார்டில் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கழுத்தும் காது மடலும் மஞ்சள். ஈரல் வெளியேற்ற முடியாத பித்த நிறமி அது. எத்தனையோ தகடுகளில் அதைப் பார்த்திருக்கிறேன், ஒரு ஆள் மேல் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் மறந்துபோனது.

"தம்பி, நான் லேபிலேர்ந்து வரேன். உங்க அக்காவுக்கு ஒரு கோளாறும் இல்ல. எங்க லேப் தண்ணியில இரும்பு இருந்தது, அதைப் பாத்து அவங்க ஈரல்னு நினைச்சு எழுதிட்டோம். அவங்க ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லல. காலைலேர்ந்து எங்க பெஞ்சவிட்டு எழுந்திருக்கல. என்னை மன்னிச்சிடுப்பா."

அவன் மெதுவாகத் திரும்பினான். என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவைத்தான் பார்த்தான். வாய் கோணிக்கொண்டது.

"மெய்யாலுமா? அப்ப நீ பயப்படலியாக்கா?"

"பயமாத்தான்டா கீது" என்றார் அந்த அம்மா, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டே. "மொத நாள்லேர்ந்து வயித்தக் கலக்கிகினுதான் கீது. பயமா இருந்தா குடுக்கக் கூடாதுன்னு எவன்டா சொன்னான் உனக்கு?"